இலக்குத் தாளும் மனித உருவமும்

துப்பாக்கியைப் பற்றி எம்மவர் மத்தியில் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பேசப்பட்டதும் எழுதப்பட்டதும் கொஞ்சமல்ல. யார் தூக்கினார்கள், எதற்காகத் தூக்கினார்கள், பின்னர் யாரை நோக்கித் திருப்பினார்கள் என்ற கேள்விகளைச் சுற்றியே எமது சஞ்சிகைகளின் எத்தனையோ பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. சுடப் பழகுபவருக்கு முன்னால் தொங்கவிடப்படும் கடதாசியைப் பற்றி எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. அது அற்ப விடயமாகத் தோன்றலாம். அப்படியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை இப்போது எழுதவேண்டிய தேவை எமது பிள்ளைகளால் வந்திருக்கிறது. சுவிஸ் பிரசைகளாகிவிட்ட எமது ஆண்பிள்ளைகள் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்படுகிறார்கள். அங்கு சுடப் பழகியவர்களில் சிலரும், சேவைக்கே போகாத ஒருசில பெண்பிள்ளைகளும், ஊர்ச் சுடுதற் கழகங்களில் சேர்ந்து பிஸ்ரல் பழகுகிறார்கள். பெற்றோரின் எதிர்வினை இரண்டு வகையாக இருக்கிறது. ஒரு சாரார், 'எதிலிருந்து தப்பி ஓடிவந்தோமோ அதையே பிள்ளை கையில் எடுத்துவிட்டான்' என்று நிலைகுலைகிறார்கள். மறு சாரார், 'இது இந்த நாட்டு விளையாட்டு, கிரிக்கெற் மாதிரி' என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். இரு சாராரும் ஆயுதத்தைப் பார்க்கிறார்களே ஒழிய, அது எதை நோக்கி நீட்டப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 2008ஆம் ஆண்டின் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி, தனது 12ஆம் பிரிவில் சில நாடுகளைப் பட்டியலிட்டு, அந்நாட்டுப் பிரசைகள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் காவுவதையும் துப்பாக்கியால் சுடுவதையும் தடைசெய்தது. அல்பேனியா, அல்ஜீரியா, துருக்கி ஆகிய நாடுகளுடன் இலங்கையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. கன்ரன் அதிகாரிகள் விதிவிலக்கு அளிக்கலாம் என்ற வாசகமும் அதனுடன் இருந்தது. ஆக, இலங்கைக் கடவுச்சீட்டுடன் இருக்கும் தகப்பன் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட பொருளை, சிவப்புக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகனின் கையில் அரசே எடுத்துக் கொடுத்தது.

நான் அந்தத் தகப்பன்மாரின் வரிசையில் நிற்பவன். எனக்குத் தடை துப்பாக்கிக்குத்தான், கடதாசிக்கல்ல. முன்னர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்த நான் இப்போது வேலைசெய்யும் மட்டைத் தொழிற்சாலையில், பெட்டிகளோடு சேர்த்து இலக்கு மட்டைகளும் அச்சிட்டு வெட்டப்படுகின்றன. அவற்றை எண்ணிக் கட்டுவதும் என் வேலைகளில் ஒன்று. எண்ணும்போது வாசிக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. கழகத்தில் சேர்ந்த பிள்ளைகள் இந்தத் தாளா, அந்தத் தாளா நல்லது என்று கேட்கவும் செய்கிறார்கள். கீழே வருவது அவர்களுக்குச் சொன்னதன் விரிவு.

1. தாள் கேட்கும் கேள்வி

இலக்குத் தாள் என்பது ஒரு வினாத்தாள். அதில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சுடுபவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதும் அமைகிறது. ஒலிம்பிக் விளையாட்டுக்கான சர்வதேச விதிகளின்படி 25 மீற்றர் நுண்சுடுதல் தாளை எடுத்துக்கொள்வோம். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். அதன்பின் ஒவ்வொரு வளையமும் 50 மில்லிமீற்றர் கூடிக்கொண்டுபோய், ஒரு புள்ளி வளையம் 500 மில்லிமீற்றரில் முடிகிறது. ஏழிலிருந்து பத்துவரை கறுப்பு. அதாவது நடுவில் 200 மில்லிமீற்றர் விட்டமுடைய ஒரு கறுப்பு வட்டம். மிகுதி வெள்ளை.

இதே தூரத்தில் விரைவுச் சுடுதலுக்கான தாள் வேறு. அங்கு பத்துப் புள்ளி வளையம் 100 மில்லிமீற்றர். வளையங்கள் 80 மில்லிமீற்றராகப் பெருத்துச் செல்கின்றன. ஐந்து புள்ளிக்குக் கீழ் வளையமே இல்லை. முழு வட்டமும் கறுப்பு, இடமும் வலமும் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஐந்து தாள்களுக்கு ஐந்து சன்னங்கள். முதலில் எட்டுச் செக்கன், பிறகு ஆறு, பிறகு நான்கு. முதல் தாள் 'எவ்வளவு நுட்பமாக?' என்று கேட்கிறது. இரண்டாவது தாள் 'அவசரத்திலும் எவ்வளவு ஒழுங்காக?' என்று கேட்கிறது. காற்றுப் பிஸ்ரலுக்கான 10 மீற்றர் அட்டையில் பத்துப் புள்ளி வெறும் 11.5 மில்லிமீற்றர்தான். சட்டைப் பொத்தானளவு.

தாள் தெரிவதில் முதல் விதி இதுவே: இன்று எந்தக் கேள்விக்கு விடைதேடுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். நுண்சுடுதல் தாளை வைத்துக்கொண்டு வேகம் பழகுபவர், கணக்குப் பரீட்சைக்குச் சரித்திர வினாத்தாளை விரித்துவைத்திருப்பவர்.

2. துரோணருக்கு ஒரு மறுப்பு

பாரதத்தில் துரோணர் மரக்கிளையில் ஒரு பறவையை வைத்துச் சீடர்களைச் சோதித்த கதை யாவரும் அறிந்தது. அது உயிருள்ள பறவையல்ல, கைவினைஞரைக் கொண்டு செய்வித்த செயற்கைப் பறவை. எமது இலக்கியத்தில் நானறிந்த மிகப் பழைய பயிற்சி இலக்கு அதுதான். மற்றவர்கள் மரத்தையும் ஆசிரியரையும் உடன்பிறந்தாரையும் கண்டார்கள். அருச்சுனன் பறவையின் தலையை மட்டும் கண்டான். எமது உபகதைகளில் அது கண்ணாகச் சுருங்கிவிட்டது.

பிஸ்ரல் பழகும் பிள்ளை அருச்சுனனின் விடையைச் சொன்னால் பரீட்சையில் தோற்றுவிடும். இதற்குக் காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. பிஸ்ரலில் கண்ணுக்கு அருகே ஒரு பின்குறி, குழல் முனையில் ஒரு முன்குறி, அப்பால் 25 மீற்றரில் இலக்கு. மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண்வில்லை ஒரே நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். எதைத் தெளிவாகப் பார்ப்பது?

ஒரு சிறிய கணக்கு இதைத் தீர்த்துவைக்கும். இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 160 மில்லிமீற்றர் என்று கொள்வோம். முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றரில் அந்தப் பிழை 156 மில்லிமீற்றராகப் பெருகும். நுண்சுடுதல் தாளில் பத்துக்குப் பதில் நான்கு. மாறாக, குறிகள் இரண்டும் சரியாக ஒத்திருக்க, கை முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் பக்கவாட்டில் அசைந்துவிட்டது என்று வைப்போம். தாளிலும் பிழை ஒரு சென்ரிமீற்றர்தான். இன்னும் பத்து வளையத்துக்குள்ளேயே இருக்கிறோம். ஆகவே கண் குவியவேண்டிய இடம் முன்குறி. இலக்கு மங்கலாகத் தெரியட்டும். தெரியவேண்டும்.

இந்த உண்மையிலிருந்தே நல்ல இலக்குத் தாளின் இலக்கணம் பிறக்கிறது. மங்கலாகப் பார்க்கும்போதும் பயன்படும் வடிவமே நல்ல வடிவம். கறுப்பு வட்டத்தின் விளிம்பு மங்கினாலும் அது எல்லாப் பக்கமும் சமமாகவே மங்குகிறது. அதன் மையம் இடம்பெயர்வதில்லை. பலர் வட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல், அதன் அடியில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று தெரியும்படி முன்குறியை வைப்பதும் இதனாற்றான். கறுப்பு முன்குறி கறுப்பு வட்டத்துக்குள் புகுந்தால் காணாமற் போய்விடும். வெள்ளைமீது அது கூராகத் தெரியும்.

மனிதப் படம் அச்சிட்ட தாள் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. மங்கினால் அதன் மையம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதைவிட, கண் இயல்பாகவே முகத்தைத் தேடும். முன்குறியில் தங்கவேண்டிய பார்வையை முகம் தன்பக்கம் இழுத்துவிடும். அறம், அரசியல் எதையும் பேசாமல் வெறும் கைத்தொழிலாகப் பார்த்தாலும், பழகுபவருக்கு முகப்படம் கெட்ட ஆசிரியர்.

3. எதைத் தெரிவது

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது வெற்றுத் தாள். மட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைத் தொங்கவிட்டு ஏழு, எட்டு மீற்றரில் சுடுவது. அனுபவமுள்ள வீரர்களும் அடிக்கடி இதற்குத் திரும்புகிறார்கள். வளையம் இருந்தால் மனம் புள்ளியைத் துரத்தும். 'இப்போது, இப்போது' என்று விசையைப் பறிக்கும். வெற்றுத் தாளில் துரத்துவதற்கு ஒன்றுமில்லை. குறியைப் பார்ப்பதும் விசையை மெதுவாக அழுத்துவதும் மட்டுமே மிஞ்சும்.

ஐந்து சன்னங்களின் பின் தாளில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று சிதறல்: துளைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அண்மை. மற்றது விலகல்: அவற்றின் நடு, நினைத்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம். சிதறல் பெரிதாக இருக்கும்போது குறியைத் திருகித் திருத்துவது வீண்வேலை. முதலில் சிதறல் சுருங்கவேண்டும். துளைகள் ஒருங்கே கூடி, ஆனால் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மாத்திரமே குறியில் கைவைக்கலாம். வலக்கைக்காரரின் துளைகள் இடப்பக்கக் கீழ்மூலையில் கூடுமானால் பெரும்பாலும் பிழை குறியில் அல்ல, விசையைப் பறிக்கும் விரலில் இருக்கும். தாள் இதையெல்லாம் பக்கச்சார்பின்றிச் சொல்லும். எமது பரீட்சை மண்டபங்களில் அவ்வளவு நேர்மையான திருத்துநரை நான் கண்டதில்லை.

அடுத்த படி, சிறு புள்ளித் தாள். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள பத்துப் புள்ளிகள் அச்சிட்ட ஒரு தாள் அமெரிக்காவில் பெயர்பெற்றது. மூன்று யார் தூரத்திலிருந்து ஐம்பது சன்னங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு பயிற்சி. தூரம் சிரிக்கவைக்கும், முடிவு சிரிக்கவிடாது.

அதன்பின் வளையத் தாள். சுடுதளம் சிறிதாக இருந்தால் சுருக்கிய தாள் கிடைக்கும். 25 மீற்றர்த் தாளை 10 மீற்றருக்குச் சுருக்கினால் எல்லா அளவும் ஐந்தில் இரண்டாகும்: பத்து வளையம் 20 மில்லிமீற்றர், கறுப்பு 80. கண்ணுக்கு அதே காட்சி. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும். தாள் சுருங்கினாலும் ஒன்பது மில்லிமீற்றர் சன்னம் சுருங்குவதில்லை. ஆகவே சுருக்கிய தாளில் கிடைக்கும் புள்ளி எப்போதும் சற்றுத் தாராளமானது. அதை உண்மையென்று நம்பிப் போட்டிக்குப் போகும் பிள்ளை ஏமாறும்.

மட்டையின் தரமும் முக்கியம். பளபளப்பான மேற்பரப்பு வெளிச்சத்தில் மின்னிக் கறுப்பை நரையாக்கும். விதிகள் மின்னாத மேற்பரப்பையும், துளை விழும்போது அளவுக்குமேல் கிழியாத தன்மையையும் கேட்கின்றன. மெல்லிய செய்தித்தாட் கடதாசியில் உருண்டை மூக்குச் சன்னம் கிழிசலைத்தான் விட்டுச்செல்லும். ஓரம் எங்கே என்று அளவிட முடியாது. தட்டை மூக்குச் சன்னம் கனமான மட்டையில் அலுவலகத் துளைகருவி போல வட்டமாக வெட்டும். பட்ட இடத்தில் மேற்பூச்சு உதிர்ந்து மஞ்சள் நிறம் தெரியும் இரட்டை அடுக்குத் தாள்களும் உண்டு. பார்வை குறைந்த முதியவர்களுக்கு அவை உதவும். இளையவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் உடனே பலன் தெரிவதால், பலனைப் பார்க்கும் ஆவலில் தலை நிமிர்ந்துவிடும்.

பயன்படுத்திய தாளை எறியாமல் திகதியும் தூரமும் எழுதிச் சேர்த்துவைக்கவேண்டும். ஆறு மாதத் தாள்களை ஒன்றாக விரித்துப் பார்ப்பதற்கு ஈடான பாடம் கிடையாது. பெரிய போட்டிகளில் இலத்திரன் இலக்குகள் வந்துவிட்டன. ஆயினும் பயிற்சியில் மட்டை சாகவில்லை.

4. உருவம் எப்படி வந்தது, எப்படிப் போனது

வட்டம்தான் விளையாட்டு, உருவம்தான் யுத்தம் என்று இலகுவாகப் பிரித்துவிட முடியாது. ஒலிம்பிக்கின் விரைவுப் பிஸ்ரல் போட்டியிலேயே 1980களின் இறுதிவரை ஐந்து மனித நிழலுருக்கள்தான் வரிசையாக நின்றன. ஹங்கேரியரான கரோலி ரகாச் 1938இல் இராணுவப் பயிற்சியில் கிறனைட் வெடித்து வலக்கை சிதைந்தவர். இடக்கையால் மீண்டும் பழகி, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்றார். அவர் சுட்டது நிழலுருக்களை. அவரைக் கொலைகாரனாக எவரும் கருதியதில்லை. 1992 பார்சிலோனாவில் அந்த இடத்தில் கறுப்பு வட்டங்கள் நின்றன. நடைமுறைச் சுடுதல் எனப்படும் வேகப் போட்டிகளிலும் தலையுள்ள தாளுடன் தலையில்லாத எண்கோணத் தாளொன்றும் வந்தது. யேர்மனியின் சட்டம் சுடுதளங்களில் போர்முறைச் சுடுதலைத் தடைசெய்து, மனித உருவத் தாளைத் தற்காப்புப் பயிற்சிகளில் வெளிப்படையாக அனுமதிக்கிறது. எதைச் சுடப் பழகுகிறோம் என்பது இச்சமூகங்களில் விவாதிக்கப்பட்டு, விதியாக எழுதப்பட்டிருக்கிறது.

இராணுவத்தின் கதை எதிர்த் திசையில் போனது. அமெரிக்க இராணுவ வரலாற்றாளர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் வெளியிட்ட நூலில், இரண்டாம் உலகப் போரில் சண்டைக் களத்தில் நின்ற காலாட்படையினரில் நான்கில் ஒருவருக்கு மேல் சுடவில்லை என்றார். 1950களில் அந்த இராணுவம் நிலையான வட்ட இலக்குகளுக்குப் பதிலாகத் திடீரென்று எழுந்து விழும் மனித உருவங்களைப் பயிற்சியில் புகுத்தியது. வட்டத்திலிருந்து உருவத்துக்கு மாறியதால்தான் வியட்நாமில் ஏறக்குறைய எல்லோரும் சுட்டார்கள் என்று டேவ் கிறொஸ்மன் 1995இல் வாதிட்டார். இக்கருத்து பிரபலமானது. ஆனால் மார்ஷலின் எண்களுக்கு ஒழுங்கான ஆதாரம் இல்லை என்பதை ரோஜர் ஸ்பில்லர் 1988இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். ஆகவே உருவத் தாள் மனிதனை இயந்திரம்போலக் கொலையாளியாக்கிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. கடதாசிக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் ரகாச் வேறு மனிதராகியிருப்பார்.

அமெரிக்கப் பொலிசாரிடையே புழங்கும் இரு தாள்களை ஒப்பிட்டால் பிரச்சினை துலங்கும். பி-27 என்பது 24 அங்குல அகலமும் 45 அங்குல உயரமுமான தாள். கறுப்பு மனித நிழலுரு, அதற்குள் புள்ளி வளையங்கள். கியூ எனப்படும் தாளில் உள்ளது போத்தல் போன்ற வடிவம். வளையமே இல்லை. உள்ளேயா வெளியேயா என்பது மட்டும்தான் கணக்கு. முதலாவதில் அளவையும் உருவமும் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் அளவை விடைபெற்றுவிட்டது.

இதற்கு அப்பால் முழு நிழற்படத் தாள்கள் வருகின்றன. அவற்றுக்கும் நியாயமான பயன் ஒன்று உண்டு. 1999 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அமடு டியாலோ என்ற கினி நாட்டுக் குடியேறியை நான்கு பொலிசார் 41 தடவை சுட்டுக் கொன்றனர். அவர் எடுத்தது பணப்பை. சுடும் அதிகாரம் உள்ளவருக்கு முதலில் கற்பிக்கவேண்டியது எதிரே நிற்பவரின் கையைப் பார்ப்பது. ஒரே மனிதன் ஒரு தாளில் தொலைபேசியுடனும் மறு தாளில் ஆயுதத்துடனும் நிற்க, எதைச் சுடக்கூடாது என்று தீர்மானிக்கவைக்கும் பயிற்சி அதற்கானது. சுடாமலிருப்பதற்குப் புள்ளி கொடுக்கும் தாள் அது.

ஆனால் அதே நிழற்படம் தலைகீழாகவும் பயன்படும். அமெரிக்க நிறுவனமொன்று ஆயுதம் ஏந்திய கர்ப்பிணிப் பெண், முதியவர், சிறுவன் ஆகியோரின் படங்களைத் தாளாக்கி, 'இனித் தயக்கமில்லை' என்ற பொருள்படும் பெயரில் விற்றது. எதிர்ப்புக் கிளம்பவே 2013இல் மன்னிப்புக் கேட்டு நிறுத்தியது. பெயரைக் கவனியுங்கள். முதல்வகைத் தாள் தயக்கத்தைக் கற்பிக்கிறது. இரண்டாவது, தயக்கத்தையே நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்கிறது.

2015இன் தொடக்கத்தில் புளோரிடாவிலிருந்து வந்த செய்தி இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. வட மயாமி பீச் பொலிஸ் குறிசுடுநர்கள், கைதானபோது எடுக்கப்பட்ட உண்மையான கறுப்பின ஆண்களின் படங்களைப் பயிற்சி இலக்காகப் பாவித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின் அதே தளத்துக்குப் பயிற்சிக்கு வந்த தேசியக் காவற்படைப் பெண் சார்ஜன் ஒருவர், துளைபட்ட தாள்களிடையே தன் சொந்தச் சகோதரனின் முகத்தைக் கண்டார். பல வருடங்களுக்கு முந்திய படம் அது. 2019இல் காபூலில் பிரித்தானியப் பரசூட் படையினர் சிலர், தமது நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெரமி கோர்பினின் படத்தைச் சுட்டதும் காணொளியாக வெளிவந்தது. இந்தத் தாள்களில் எந்தக் கேள்வியும் இல்லை. விடை மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது.

5. எமது மட்டைகள்

இவற்றை அமெரிக்கனின் இனவெறி, வெள்ளையனின் திமிர் என்று வாசித்து முடித்துவிட எம்மால் முடியாது. எமக்கும் ஒரு மட்டை வரலாறு உண்டு. 1980களில் எமது சந்திகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் மட்டைகள் தொங்கின. 'துரோகி', 'சமூக விரோதி' என்று அவற்றில் எழுதப்பட்டிருந்தது. விசாரணையின் இடத்தில் ஒரு சொல். கையெழுத்து ஒவ்வொரு சந்தியிலும் வெவ்வேறு இயக்கத்துடையது. முகமூடி மறைத்த தலையாட்டியை வாகனத்தில் இருத்தி, வரிசையில் நின்ற இளைஞர்களை அவன் தலையசைப்பால் பிரித்த இராணுவமும் இதே வேலையைத்தான் செய்தது.

சுடுதளத்தில் மட்டையில் மனிதனை அச்சிடுகிறார்கள். நாங்கள் மனிதனில் மட்டையைத் தொங்கவிட்டோம். இரண்டும் ஒரே செயலின் இரு முனைகள் என்பதே என் கருத்து. ஒரு மனிதனை ஒரு சொல்லளவுக்கு, ஒரு முகத்தளவுக்குத் தட்டையாக்கிவிட்டால் அதன்பின் மிஞ்சும் வேலை கைக்குரியது. கை அதை எளிதில் செய்துவிடும்.

இதனாற்றான் இங்கு பிறந்த பிள்ளைகளில் ஒருசிலர், பகிடியாகவோ கோபமாகவோ, எமது எதிரிகள் எனப்படுவோரின் படங்களைத் தாளில் ஒட்டிச் சுடலாம் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2009இன் கோபம் அவர்களுக்கு எம்மிடமிருந்து போனது. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. அதற்கான இடங்களும் உண்டு: ஆவணப்படுத்தல், நீதிமன்றம், தெரு, எழுத்து. ஒரு கடதாசி முகத்தைச் சுடுவதால் ஒரு போர்க்குற்றவாளியும் கூண்டேறப் போவதில்லை. மாறாக, முகங்களைச் சுடப் பழகிய கூட்டம் முதலில் எதிரியின் முகத்தையும் பின்னர் மாற்றுக்கருத்துக்காரனின் முகத்தையும் ஒட்டும் என்பதற்கு எமது அனுபவமே சாட்சி. எத்தனை இயக்கங்கள் எதிரியில் தொடங்கித் தோழனில் முடித்தன என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு நான் எண்ணிக்காட்டவேண்டியதில்லை.

இந்த நாட்டின் பழங்கதையொன்றும் இங்கு பொருந்தும். வில்லியம் ரெல் தன் மகனின் தலையில் வைத்த அப்பிளைக் குறுக்குவில்லால் எய்யும்படி அதிகாரி கெஸ்லரால் கட்டாயப்படுத்தப்பட்டான். அப்பிள் பிளந்தது, மகன் தப்பினான். ஆனால் ரெல் இரண்டு அம்புகளை எடுத்திருந்தான். முதலாவது பிழைத்து மகனில் பட்டிருந்தால் இரண்டாவது கெஸ்லருக்கு. சுவிஸ் மக்கள் இந்த இரண்டாம் அம்பைப் பெருமையுடன் சொல்வார்கள். ஆனால் அவர்களது கழகங்களின் சுவர்களில் நான் கண்டது வட்டங்களைத்தான். இரண்டாம் அம்பைக் கதையில் வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு வட்டத்தைத் தொங்கவிடும் ஒரு சமூகத்திடம் கற்பதற்கு எமக்கு ஏதோ இருக்கிறது.

6. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

சுடுதற் கழகத்தில் சேர்ந்த பிள்ளையைக் கண்டு நிலைகுலையவேண்டாம். அலட்சியமாகவும் இருக்கவேண்டாம். துப்பாக்கியின் விலையையும் குழலின் நீளத்தையும் விசாரிக்கும் நேரத்தில், 'எந்தத் தாளில் சுடுகிறாய்? கொண்டுவந்து காட்டு' என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்து விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்த எமக்கு இது கடினமான காரியமல்ல. வட்டத் தாளென்றால் துளைகளை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். கையின் நடுக்கம், பொறுமையின்மை, தன்னை ஏமாற்றும் ஆசை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தன்னைத் தானே அளந்து பார்க்கும் ஒழுக்கமென்ற அளவில் அது நல்ல கல்வி. நிழலுருத் தாளென்றால் எதற்கு என்று கேளுங்கள். பொலிஸ் வேலைக்கும் இராணுவ சேவைக்கும் போகும் பிள்ளையிடம் அதற்கு ஒரு பதில் இருக்கலாம். பதிலே இல்லாமல் அதைத் தெரிந்திருந்தால் அங்கு பேசவேண்டியது இருக்கிறது. உண்மையான ஒரு மனிதனின் முகமென்றால், அது யாருடைய முகமாயினும், கழற்றச் சொல்லுங்கள். அந்த முகத்தை நாங்களும் வெறுப்பவர்களாக இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லுங்கள்.

துப்பாக்கியே வேண்டாம் என்று வாதிடும் நண்பர்கள் நான் பாதிவழியில் நின்றுவிட்டதாகச் சொல்லக்கூடும். அவர்களுடைய வாதத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சட்டமும் சேவையும் கழகமும் எமது பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே பிஸ்ரலைக் கொடுத்துவிட்ட நிலையில், எதிரே தொங்கும் தாளையாவது நாம் கவனிக்கவேண்டாமா என்பதே என் கேள்வி. வட்டம் சுடுபவரை விசாரிக்கிறது. முகம், சுடப்படுபவருக்கு முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறது. எழுதிவைத்த தீர்ப்புகளால் அழிந்த ஒரு சமூகம் இவ்விரண்டுக்குமிடையே தெரிவு செய்ய நெடுநேரம் யோசிக்கவேண்டியதில்லை. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதட்டும்.